கரும்பச்சைச் சுவர்

“இதென்ன கூத்து?”

குளியலறைக் கதவைத் திறந்த நாத்தனார் அப்படியே நின்றுவிட்டாள். கையில் மாவுக்கட்டோடு இருந்த அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

உள்ளே நாலு சுவரும் கரும்பச்சை. பெயிண்ட் வாடை இன்னும் முழுசாகப் போகவில்லை.

அடுப்படியிலிருந்து மருமகள் கையில் டீயோடு ஓடி வந்தாள். அவள் நகக்கண்ணிலும் பச்சை ஒட்டியிருந்தது.

“நான்தான் அண்ணி அடிச்சேன். டைல்ஸ் மேலேயே அடிக்கிற பெயிண்டு. ஒரு டப்பாவுல முடிஞ்சிடுச்சு. போன்ல பார்த்துக் கத்துக்கிட்டேன். முதல்ல உப்புத்தாள் போட்டு வழவழப்பு போகத் தேய்ச்சுட்டு, அப்புறம்...”

“நான் செய்முறை கேட்டேனா?”

மருமகள் பச்சை ஒட்டிய விரலை முந்தானைக்குள் மறைத்தாள்.

“அங்க எங்கம்மா கை ஒடிஞ்சு கிடக்குறா. நான் ராவும் பகலும் ஒரு நாற்காலியில முடங்கிக் கிடக்கேன். நீ இங்க வீட்டை அலங்காரம் பண்ணிக்கிட்டு இருந்திருக்கே. உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?”

“விடுடி” என்றாள் கூடத்தில் உட்கார்ந்திருந்த மாமியார்.

“எப்படிம்மா விடறது? போன வருஷம் நான் கூடவே நின்னு போட்டுக் குடுத்த டைல்ஸ். பளிங்கு மாதிரி இருக்கணும்னு சுவரு, தரை, வாளி, கப்பு, நீ பிடிச்சுக்கிற கம்பி, எல்லாத்தையும் ஒரே வெள்ளையா தேடித் தேடி வாங்கினேன். இப்பப் பாரு, பாசி பிடிச்ச கிணறு மாதிரி இருக்கு. இனி குளிக்கப் போறவங்களைக் கயிறு கட்டித்தான் இறக்கணும்.”

போனை எடுத்துப் பழைய படத்தை அம்மா முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“எப்படி இருந்துச்சு பாரு!”

“அழகா இருந்துச்சு” என்றாள் மாமியார், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

நாத்தனாருக்கு அது போதவில்லை. மருமகள் பக்கம் திரும்பினாள்.

“சோப்பைத் தரையில போட்டு வச்சு எங்கம்மாவை வழுக்கி விழ வச்சே. அந்தக் குத்தத்தை மறைக்கத்தான் பெயிண்டு அடிச்சியா?”

மருமகள் தலை நிமிரவில்லை. கொண்டு வந்த டீயை ஸ்டூலில் வைத்தாள். கொஞ்சம் சிந்தியது. முந்தானையால் துடைத்தாள்.

“பேசமாட்டாளே! கல்லு மாதிரி நிப்பா. நாளைக்கே நான் ஆள் அனுப்பறேன். அத்தனையும் சுரண்டி எடுத்துப் பழையபடி வெள்ளையாக்கிட்டுத்தான் மறுவேலை.”

“வேண்டாம்.”

மாமியாரின் குரல் அப்படி ஓங்கி யாரும் கேட்டதில்லை.

“அந்தச் சுவத்துல யாரும் கை வைக்கக் கூடாது. எனக்குப் பச்சைதான் பிடிச்சிருக்கு.”

நாத்தனார் அம்மாவையே பார்த்தாள்.

“அப்ப நான் ஆசையா செஞ்சு குடுத்தது பிடிக்கலை. இவ பூசினது பிடிச்சிருக்கு. அப்படித்தானே?”

பையை எடுத்துக்கொண்டு மருமகள் பக்கம் திரும்பினாள்.

“நல்லா சொல்லிக் குடுத்து வச்சிருக்கேம்மா மகராசி. இனி நீயாச்சு, உன் மாமியாராச்சு. என்னைக் கூப்பிடாதீங்க.”

வாசல் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள். ஸ்டூலில் டீ ஆடை கட்டிக் கிடந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மாமியார் கேட்டாள். “போயிட்டாளா?”

“தெருமுனை தாண்டிட்டாங்க அத்தை.”

“அழுதாளா?”

மருமகள் ஆறிப்போன டீயை எடுத்து ஓரமாக வைத்தாள்.

“அழுதிருப்பா. சின்னதுலேருந்தே அவளுக்குக் கோபம் வந்தா அழுகைதான் முன்னால வரும்.”

நல்ல கையை ஊன்றி மாமியார் எழுந்தாள். மருமகள் தாங்கப் போனாள்.

“பிடிக்காதே. நானே போறேன்.”

குளியலறை வாசல் வரைக்கும் சுவரைத் தடவிக்கொண்டே போனாள். உள்ளே காலை வைத்ததும் நின்றாள். மருமகள் பின்னாலேயே, தொடாமல், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

மாமியாரின் கை நீண்டது. தடவவில்லை, தேடவில்லை. பச்சைச் சுவரில் தனியாகத் தெரிந்த வெள்ளைக் கம்பியை ஒரே பிடியாகப் பிடித்தது.

“தெரியுதுடி” என்றாள். “கம்பி தெரியுது. சுவரு எங்க முடியுது, தரை எங்க தொடங்குதுன்னு தெரியுது.”

மருமகள் விரித்த கையை மெல்ல இறக்கினாள்.

“இதுவும் போகப் போக மங்கிடும்னுதானே கண் டாக்டர் சொல்லிட்டாரு?”

“அதுக்குள்ள கைக்குப் பழகிடும் அத்தை.”

மாமியார் கம்பியை விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கையை நீட்டினாள். இந்தத் தடவை கை வெறும் சுவரில் முட்டியது. கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

“அன்னைக்கும் இப்படித்தான். எல்லாம் ஒரே வெள்ளையா இருந்துச்சு. கம்பின்னு நினைச்சு சுவத்தைப் பிடிச்சேன். நீ பாவம், உன்மேல பழி.”

“பரவாயில்ல அத்தை.”

“அவ பார்த்துப் பார்த்துப் போட்ட வெள்ளையாலதான் நான் விழுந்தேன்னு தெரிஞ்சா உசுரையே விட்டுடுவாடி.”

மருமகள் மாமியாரின் கையை எடுத்துக் கம்பியின் மேல் வைத்தாள்.

“சோப்புன்னே இருக்கட்டும் அத்தை.”