நிறைந்த அரிசி

தெருவில் எல்லோருக்கும் அரிசிப் பணம் வந்துவிட்டது. செண்பகவடிவுக்கு மட்டும் வரவில்லை. நோட்டும் சில்லறையும் ஒழிந்த பிறகு, சமையலறைச் சுவரில் அரசாங்கம் மாட்டிய பெட்டியிடம் எது தீர்ந்தது என்று சொன்னால்தான் அதற்கான பணம் கைப்பேசிக்கு வரும். வேறு பணத்தை எந்தக் கடையிலும் வாங்குவதில்லை.

கஞ்சிக்கும் வழியில்லாமல் போகவே அவள் வழங்கல் அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி கோலப்பன் பெட்டியின் பதிவை ஓடவிட்டார். அவள் குரலேதான்: "அரிசி நெறஞ்சிருக்கு."

"நெறஞ்சிருக்குன்னு நீங்களே சொன்னா பெட்டி எப்படிம்மா பணம் தரும்?"

"வெளக்கேத்துற வீட்டுல வேற எப்படி சார் சொல்லுவாவ? அரிசி தீந்தா நெறஞ்சிருக்குன்னுதான சொல்லணும்? 'இல்ல'ன்னா சொல்ல முடியும்?"

"பெட்டிக்கு அந்த மங்கல வழக்கெல்லாம் தெரியாது. 'இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அடுத்த நிமிஷம் பணம் வந்துரும்."

அப்போது அவர் கைப்பேசி அடித்தது. மனைவியின் குரல் மேசையைத் தாண்டிக் கேட்டது: "ஏங்க, உப்பு நெறஞ்சிருக்கு."

"சரி, வாங்கிட்டு வாரேன்" என்றார் கோலப்பன், யோசிக்காமலே. பேசி வைத்த பிறகுதான் செண்பகவடிவு தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது.

"உங்க வீட்டுப் பெட்டிக்கிட்ட யாரு சார் 'இல்ல'ன்னு சொல்லுதா?"

அவர் பேனாவை மூடினார். "பாத்திரம் தேய்க்க வர்ற பொண்ணு. அது சொல்லிட்டுப் போயிரும்."

"அவ வீட்டுல யாரு சார் சொல்லுவா?"