மருமகள் கட்சி

மாமியார் மருமகள் மேல் கேஸ் போட்டிருக்கிறாள் என்று கேட்டதுமே லோரெட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஊர்க்காரர்கள் சேர்ந்து தீர்ப்புச் சொல்லும் ஜூரிக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தபோது அவள் முணுமுணுத்துக்கொண்டுதான் வந்தாள். ஒஹாயோவின் அந்தச் சின்ன ஊர்க் கோர்ட்டில் நாள் பூராவும் மரநாற்காலியில் உட்கார யாருக்கு ஆசை? ஆனால் வழக்கு இன்னதென்று தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். சும்மாவா, கல்யாணமான நாளிலிருந்து சொந்த மாமியாரோடு மல்லுக்கட்டியவள். ஜூரியைத் தேர்ந்தெடுக்கும்போது வக்கீல்கள் என்னென்னவோ கேட்டார்கள். உன் மாமியார் எப்படி என்று மட்டும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். பெர்னிஸ் என்ற அந்த அம்மாள் முந்தின குளிர்காலத்தில் மருமகள் டானிகா வீட்டுக்கு விருந்துக்குப் போயிருக்கிறாள். வாசலில் மரப்படி உடைந்து விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்தும் சரியாகவில்லை. கையில் ஊன்றுகோலோடு காலை இழுத்து இழுத்து நடக்கிறாள். படியைச் சரி செய்யாமல் விட்டது மருமகளின் தப்பு, நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று கேட்கிறாள்.

டானிகாவின் கணவன், அதாவது பெர்னிஸின் ஒரே மகன், உயிரோடு இல்லை. டானிகா ஓட்டலில் பரிமாறிப் பிழைக்கிறவள்.

பிள்ளை போயாச்சு, இனி இவளிடம் மிச்சமிருக்கும் வீட்டையும் உருவிக்கொள்ள வேண்டுமாக்கும் என்று லோரெட்டா உள்ளுக்குள் பொருமினாள்.

பெர்னிஸின் வக்கீல் டானிகாவைக் கூண்டில் ஏற்றி, படி ஆடுவது முன்பே தெரியுமா என்று கேட்டார்.

"தெரியும்," என்றாள் டானிகா. "சரி பண்ணணும்னு நினைச்சு நினைச்சு விட்டுட்டேன். என் தப்புதான்."

லோரெட்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு பெண்ணா?

டானிகாவின் வக்கீல் சளைத்தவரில்லை. பனிக்காலத்தில் வருகிறவர்கள்தான் பார்த்துக் கால் வைக்க வேண்டும், மரம் உள்ளுக்குள் இற்றுப்போனது யார் கண்ணுக்குத் தெரியும் என்று வெளுத்து வாங்கினார். பளபளவென்று விலை உயர்ந்த கோட்டு. ஓட்டல் சம்பளத்தில் இவரை அமர்த்த அந்தப் பெண் எதை அடகு வைத்தாளோ என்று லோரெட்டா வருத்தப்பட்டாள்.

மதியம் கோர்ட் வராந்தாவில் இன்னொன்றையும் பார்த்தாள். டானிகா தன் சாண்ட்விச்சைப் பிய்த்து மாமியாருக்குக் கொடுத்தாள். அந்த அம்மாள் கூசாமல் வாங்கிச் சாப்பிட்டாள்.

கடைசியில் நீதிபதி ஜூரிக்குப் புத்தி சொன்னார். யார் தப்பு என்று மட்டும் பாருங்கள். பணம் யார் தருவார்கள், எங்கிருந்து வரும் என்பதெல்லாம் உங்கள் கவலையில்லை, அதைப் பற்றிப் பேசவும் கூடாது என்றார்.

ஜூரி அறையில் எட்டுப் பேர். மருமகள் மேல் தப்பே இல்லை என்று லோரெட்டா ஆரம்பித்ததும், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற ஹார்லன்தான் முதலில் முட்டுக்கட்டை போட்டார்.

"அந்தப் பொண்ணே தன் தப்புன்னு ஒத்துக்கிச்சே."

"அது அவ நல்ல மனசு," என்றாள் லோரெட்டா. "மாமியாரைப் பொய்க்காரி ஆக்கக் கூடாதுன்னு பழியைத் தன் தலையில போட்டுக்கிறா. அதுக்காக நாமளே அவ வீட்டைப் பிடுங்கிக் கொடுக்கணுமா?"

"அந்தம்மாவால நடக்கவே முடியலையே."

"வாய் நல்லா நடக்கும். கவலைப்படாதீங்க."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஹார்லனும் அதற்கு மேல் வாதாடவில்லை. அவரவருக்கு வீட்டுக்குப் போகிற அவசரம்.

மருமகள் மேல் தப்பில்லை, மாமியாருக்குச் சல்லிக்காசு கூடக் கிடையாது என்று தீர்ப்பானது. கோர்ட்டில் அதை வாசித்ததும் டானிகா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று லோரெட்டாவுக்கு மனசு நிறைந்துபோனது.

வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில் பனி தூறிக்கொண்டிருந்தது. ஒரு பழைய காரின் கதவைத் திறந்து வைத்து, டானிகா தன் மாமியாரின் காலை இரண்டு கையாலும் தூக்கி மெல்ல உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள். ஜூரியின் வேலை முடிந்துவிட்டதால் இனி யாரோடும் பேசலாம். லோரெட்டா கிட்டே போனாள்.

"இன்னும் ஏம்மா இதெல்லாம்? உனக்காக உள்ள சண்டை போட்டதே நான்தான். இனி உன் வீட்டை யாரும் தொட முடியாது."

டானிகா கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

"வீட்டை யாருங்க கேட்டாங்க? வீட்டுல யாராவது விழுந்து அடிபட்டா பணம் கொடுக்க இன்சூரன்ஸ் இருக்கு. என் தப்புன்னு நீங்க சொல்லியிருந்தா கம்பெனிதான் பணம் கட்டியிருக்கும். அந்த வக்கீலும் கம்பெனி அனுப்பின ஆளு. ஜூரிகிட்ட இன்சூரன்ஸ் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க."

லோரெட்டா காருக்குள் இருந்தவளைத் திரும்பிப் பார்த்தாள்.

கார்க் கண்ணாடி இறங்கியது. "டானி, குளிருது பாரு. அவங்க நல்லதுன்னு நினைச்சுதான் செஞ்சாங்க, விடு," என்றாள் பெர்னிஸ்.

"ஆனா அவங்கதானே உன் மேல கேஸ் போட்டாங்க?" என்றாள் லோரெட்டா.

"அவங்களா எங்க போட்டாங்க? மருமக மேல போட மாட்டேன்னு மாசக்கணக்கா அடம். இன்னொரு ஆபரேஷன் பண்ணினாதான் நடப்பீங்க, அதுக்கு வேற வழியில்ல அத்தைன்னு கால்ல விழாத குறையா கெஞ்சி, வக்கீல்கிட்ட கூட்டிட்டுப் போனதே நான்தாங்க."