பொன்னுக்கு வீங்கி
மணி அடித்து அரை மணி கழித்து வகுப்பு வாசலில் வந்து நிற்கிறாள் நாலாம் வகுப்புக் கோகிலவாணி. காதடியிலிருந்து தாடை வரை வலது கன்னம் கொழுக்கட்டையாக உப்பியிருக்க, கழுத்தில் புதுச் சங்கிலி ஒன்று வெயில் பட்டு மின்னுகிறது. “பொன்னுக்கு வீங்கிங்க டீச்சர். அதான் பவுனு போட்டு வுட்டிருக்கேன், ரெண்டு நாள்ல வத்திடும்,” என்கிறாள் அம்மா காசியம்மாள், கரும்பு வெட்டப் போகும் அவசரத்தில். “ஒட்டுவாரொட்டிம்மா இது. நல்லா வத்துற வரைக்கும் வூட்டுலயே இருக்கட்டும்,” என்று விஜயலட்சுமி டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறக்கிறாள். அம்மா செருப்பு மாட்டத் திரும்புகிறாள். அந்த நேரம் பார்த்து, வாயை முழுதாகத் திறக்க முடியாமல் சிறுமி கிசுகிசுக்கிறாள்: “இது கவரிங் டீச்சர். வீக்கத்துக்குத் தெரிஞ்சிடுமா?” டீச்சரின் கை, தன் கழுத்தில் கிடக்கும் இரண்டு பவுன் சங்கிலிக்குத் தானாகப் போய் நின்றுவிடுகிறது.