கனமான ஸ்டியரிங்

மூடி வழுக்கியது.

இடது கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி திருகினார். அசையவில்லை. வலது கையை வைத்ததும் சட்டென்று கழன்று வந்தது.

பிசுக்கு, என்று சொல்லிக்கொண்டார்.

கார் பானெட்டுக்குள் இருந்த அந்தச் சின்ன டப்பாவில் ஸ்டியரிங் ஆயில் கருத்துக் கிடந்தது. சிவப்பாக இருக்க வேண்டியது, கடுங்காப்பியாக இருந்தது.

அதைப் பார்த்ததும் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியானது.

இதுதான். இதனால்தான்.

பத்து நாளாக ஸ்டியரிங் கனக்கிறது. வலதுபக்கம் ஒடிக்கும்போது இன்னும் மோசம். போன வாரம் பால் டிப்போ முனையில் திரும்பும்போது ஸ்டியரிங் பாதியிலேயே நின்றுவிட்டது. எதிரே வந்த லாரிக்காரன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஏதோ கத்திவிட்டுப் போனான். வீட்டில் அவர் சொல்லவில்லை.

நாளை திங்கள்கிழமை. ஏழரைக்கு ராகுகாலம். அதற்குள் கிளம்ப வேண்டும். மகள் கோகிலாவையும் நான்கு மாதக் குழந்தையையும் கோத்தகிரியில் அவள் புகுந்த வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும்.

மாப்பிள்ளை வண்டி அனுப்புகிறேன் என்றார்.

இவர்தான் வேண்டாம் என்றார். நம்ம வண்டி இருக்கையில் எதற்கு என்றார்.

மலைப்பாதை முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள். கண்ணை மூடினால் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாமே வலதுபக்கம் திரும்பின.

ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் கறுப்பு ஆயிலை உறிஞ்சி எடுத்தார். பழைய பெயின்ட் டப்பாவில் விட்டார். மறுபடி உறிஞ்சினார்.

மெக்கானிக் நாச்சிமுத்துவிடம் போயிருக்கலாம். இந்த மாதத்தில் மூன்று முறை போய்விட்டார். முதலில் கியர் டைட்டாக இருக்கிறது என்று. அப்புறம் ஹேண்ட் பிரேக் மேலே வரவில்லை என்று. கடைசியாக ஸ்டியரிங்.

மூன்றாவது முறை நாச்சிமுத்து ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"வண்டி கல்லாட்டம் இருக்குதுங்க சார். நீங்கதான் சும்மா பயந்துக்கறீங்க."

அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். நாமே மாற்றிக்கொள்ளலாம். போனில் வீடியோ பார்த்தார். ஆயில் வாங்கிவந்தார்.

புது பாட்டிலை இடது கையில் பிடித்துக்கொண்டு சிரிஞ்சை உள்ளே விட்டார்.

பாட்டில் சரிந்தது.

பிடித்திருப்பதாகத்தான் நினைத்தார்.

சிமெண்டுத் தரையில் சிவப்பு ஓடியது. கோகிலா குழந்தையோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"ஐயோ, என்னப்பா ரத்தமாட்டம்!"

"ஆயில் அம்மிணி. ஒண்ணுமில்ல."

"காத்தால டம்ளர், இப்ப பாட்டில். உங்க பேத்தி எவ்வளவோ தேவல. கிலுகிலுப்பையை விடவே மாட்டேங்கறா." சிரித்தாள். "இந்தாங்க, இவளக் கொஞ்சம் புடிங்க. நாளைக்கு அப்புறம் தேடுவீங்க."

குழந்தை அவரைப் பார்த்துக் கையை நீட்டியது.

"கையெல்லாம் ஆயிலு," என்றார்.

நேற்று, தனக்குச் சளி பிடித்திருக்கிறது என்றார். அதற்கு முந்தின நாள் என்ன சொன்னார் என்பது நினைவில்லை.

பாட்டிலில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. போதும். டப்பாவில் கோடுவரைக்கும் ஊற்றினார். இனி இன்ஜினை ஓடவிட்டு ஒருவர் ஸ்டியரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்ப வேண்டும். இன்னொருவர் ஆயிலைப் பார்க்க வேண்டும். குமிழி வருவது நிற்கும்வரை.

மனைவி வசந்தாமணி வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். உள்ளூருக்குள் மட்டும் அவளும் ஓட்டுவாள்.

"இடது," என்றார் பானெட்டுக்குள் குனிந்தபடி. டயர் தரையில் நறநறவென்று அரைத்தது.

"வலது."

குமிழிகள் கிளம்பின. உடைந்தன. பழைய அழுக்கு கலந்து ஆயில் பழுப்பானது. உறிஞ்சி எடுத்துப் புதிதாக ஊற்றினார். இன்னொரு முறை இடது. இன்னொரு முறை வலது.

ஆயில் சிவந்தது. குமிழி நின்றது.

"வலது," என்றார் மறுபடி. அது ஒன்றுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. "கனமா இருக்குதா?"

பேச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பானெட்டைச் சுற்றிக் கதவுப் பக்கம் வந்தார்.

வசந்தாமணி போனைக் காதில் வைத்திருந்தாள்.

"ஆமாங்க சம்பந்தியம்மா, ஏழு மணிக்கே கெளம்பிருவமுங்க. அவருதான் ஓட்டறாரு. மலையெல்லாம் அவருக்குத் தண்ணி பட்ட பாடுங்க."

மற்ற கையின் இரண்டு விரல்களால் ஸ்டியரிங்கை வலது கடைசிவரை திருப்பிக்கொண்டிருந்தாள்.

அவரைப் பார்த்ததும் போனைப் பொத்தினாள்.

"வெண்ணெயாட்டம் போகுதுங்க. ஆயில் மாத்துனதும் எப்படி ஆயிருச்சு பாருங்க!"

அவள் இறங்கினாள். அவர் ஏறினார்.

இரண்டு கையாலும் பிடித்து வலதுபக்கம் திருப்பினார்.

கனத்தது.

இடது கையை எடுத்துவிட்டு வலது கையால் மட்டும் திருப்பினார்.

வெண்ணெய்.

வலது கையை எடுத்துவிட்டு இடது கையை வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். தள்ளினார்.

ஸ்டியரிங் அப்படியே இருந்தது. கைதான் மெல்ல வழுக்கி இறங்கி மடியில் வந்து கிடந்தது, யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்போல.

கியர். ஹேண்ட் பிரேக். டம்ளர். பாட்டில்.

எல்லாம் அந்தப் பக்கம்.

வலது கையால் சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தார். தெரு திடீரென்று அமைதியானது. உள்ளே கிலுகிலுப்பைச் சத்தம் கேட்டது.

"மாப்பிள்ளைய வண்டி அனுப்பச் சொல்லீரு," என்றார்.

வசந்தாமணியின் கையில் பொத்திய போன் அப்படியே இருந்தது. "இப்பத்தானுங்க நல்லாயிருச்சு வண்டி?"

"வண்டி நல்லாத்தான் இருக்குது."

இறங்கி முன்பக்கமாகச் சுற்றி வந்தார். பானெட்டைச் சாத்தினார். இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். வெளியே தொங்கிய இடது கையை வலது கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

வசந்தாமணி அதைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வந்து கூப்பிடறனுங்க," என்று போனில் சொன்னாள். ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்து சாவிக்குக் கையை நீட்டினாள்.