ஏழாவது காயம்

முதல் வரியில் ‘தலை’ என்று தேர்ந்தெடுத்தாள் ஞானஜோதி.

இரண்டாவது வரிக்கான பட்டியல் விரிந்தபோது அதில் தலை இல்லை.

அவசர சிகிச்சைப் பிரிவின் கணினியில் அந்தப் படிவம் அப்படித்தான். ஒரு காயத்துக்கு ஒரு வரி. எந்த இடம், எதனால், யாரால். ஒரு வரியில் சொன்ன இடம் அடுத்த வரியின் பட்டியலிலிருந்து தானாகவே போய்விடும். ஒரே காயத்தை இருமுறை எழுதிவிடக் கூடாது என்று செய்தது.

“தலையில எதால அடிச்சாங்கண்ணா?”

“செங்கல்லு, சிஸ்டர்,” என்றான் மகேஷ்.

அடிபட்டவனை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தவன் அவன்தான். காக்கிச் சட்டையின் முன்பக்கம் முழுவதும் அடுத்தவனுடைய ரத்தம்.

சேலையூர் கேம்ப் ரோட்டில், பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில், ஒரு சிறுமியின் கையைப் பிடித்திருந்தவனைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று சொல்லி முப்பது பேர் சேர்ந்து அடித்திருந்தார்கள். அவன் பெயர் யாருக்கும் தெரியவில்லை. பச்சைத் துணி மறைப்புக்குப் பின்னால் டாக்டர், “தம்பி, தம்பி” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

இரண்டாவது வரி, விலா. ஷூ காலால் உதைத்தது.

மூன்றாவது, வலது முழங்கை. கிரிக்கெட் ஸ்டம்ப். எலும்பு ஒடிந்த சத்தம் பஸ் ஹாரனையும் மீறிக் கேட்டது என்றான் மகேஷ்.

கழுத்து. ஹெல்மெட்டால்.

முதுகு. நடைபாதையிலிருந்து நடுரோட்டுக்கு இழுத்ததில் தோல் உரிந்துவிட்டது.

ஆறாவது, வலது கை விரல்கள். மேலே பைக்கை ஏற்றினார்கள்.

“‘உடுங்கடா, போதும்டா’ன்னு கத்தினேன் சிஸ்டர். எவன் கேக்குறான். ஒருத்தன் செல்லுல படம் புடிச்சிகினு, ‘தள்ளுண்ணா, மறைக்குது’ங்கிறான்.”

‘யாரால்’ என்ற கட்டத்தில் ஆறு முறையும் ‘அடையாளம் தெரியாதவர்’ என்றே போட்டாள்.

அத்தனை பேர் நடுவே ஒருவனுக்காவது தூக்கிக்கொண்டு வரத் தோன்றியதே. ஞானஜோதி தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினாள்.

“குடிங்கண்ணா. உங்கள மாதிரி ஒருத்தர் இருக்கறதாலதான் கடவுள் இன்னும் நம்மள விட்டு வச்சிருக்கார்.”

அவன் அதைத் தொடவில்லை.

“அந்தக் குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையே?”

“இல்ல சிஸ்டர். ரோட்ட கிராஸ் பண்ண பயந்துகினு நின்னிருக்கு. இந்தாளு கையப் புடிச்சி இந்தப் பக்கம் இட்டாந்து விட்டிருக்கான். அவ்ளோதான். பாப்பாவே சொல்லுச்சு. எல்லாம் முடிஞ்சப்புறம்.”

ஞானஜோதி கண்களை ஒரு நொடி மூடித் திறந்தாள். படிவத்தைச் சேமிக்கப் போனாள்.

“இன்னொண்ணு கீது சிஸ்டர்.”

ஏழாவது வரியைத் திறந்தாள். பட்டியல் குட்டையாகியிருந்தது. அவன் திரையில் விரலை வைத்துக் காட்டினான். இடது கன்னம்.

அவள் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

“கன்னத்துல ஒண்ணுமே இல்லையேண்ணா. ஒரு கீறல்கூட இல்ல.”

“இருக்காது சிஸ்டர். வெறுங்கைதான். ஒரே அறை.” அவன் விரல் இன்னும் திரையிலேயே இருந்தது. “அது விழுற வரைக்கும் ஒருத்தனும் அவன் மேல கை வெக்கல.”

அவள் ‘யாரால்’ என்ற கட்டத்துக்கு வந்து நின்றாள்.

“தெரிஞ்ச ஆளுன்னு போடுங்க.”

போட்டாள். பெயர் கேட்டு ஒரு புதிய கட்டம் திறந்தது.

“மகேஷ்,” என்றான் அவன். “பாப்பாவோட அப்பா.”