யாரும் பார்க்காத மலை

“யாரும் பாக்காத மலை பொய்யா இருந்தா எப்பிடிங்க தெரியும்?” என்று இந்த மலையின் எடப்புளி நாட்டுச் சிறுமி ஒருத்தி முன்பு ராதிகாவிடம் கேட்டாள். கடலடி மலைகளை வரைபடமாக்கி ஆராயும் அவளுக்கு அது இப்போது நினைவுக்கு வருகிறது. கொல்லிமலை விடுதியின் முற்றத்தில் மிளகு காய்கிறது. உள்ளே இயக்குநர் அருள்பிரகாஷ், தன் கையால் ஒரு வரைபடமும் போட்டறியாத பெருமகனார், பலாச்சுளையைச் சப்பியபடி தன் உதவியாளனைச் சீண்டுகிறார்.

“ஏனப்பா கோகுலு, சாப்பாடு முடிஞ்சதும் உன்ற மலைப் படத்தக் காட்டோணும். தப்பா இருந்துச்சுன்னா நாமக்கல்லுக்கே போயி லாரிக்கு கிரீஸ் அடி.”

“சரிங்க சார்.” என்கிறான் கோகுல். உடனிருப்பவர்கள் வாங்கும் சம்பளத்துக்குச் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே எல்லோரும் சாப்பிடப் போகிறார்கள், கோகுலும்தான். ராதிகா மட்டும் பின்தங்குகிறாள்.

கோகுலின் திரையில் நிஜ மலைக்குப் பக்கத்தில் ஊசிபோல் இன்னொரு சிகரம் நிற்கிறது. கப்பலில் பதிவான ஒரே ஒரு தப்பான ஆழ அளவை நம்பி மென்பொருள் எழுப்பிய பொய் அது. முன்பொரு முறை ராதிகாவின் படத்திலும் இப்படியொன்று நின்றது. இயக்குநர் பார்ப்பதற்குள் கோகுல்தான் நீக்கினான். இன்றுவரை அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. இப்போது ராதிகா கோகுலின் திரையில் அந்த ஆழ அளவைத் தவறென்று குறித்து, படத்தை மறுபடி வரையவிடுகிறாள். சிகரம் அடங்கித் தரையாகிறது. நாற்காலியை முன்பிருந்தபடியே தள்ளிவைத்துவிட்டு, அவளும் சாப்பிடப் போகிறாள்.