பச்சையில் ஒரு வரி

மானிட்டரில் வெயில் விழுகிறது. நெற்றியில் கையைக் குடையாக வைத்துக்கொண்டு அவள் பார்க்கிறாள். ஆய்வகத்தின் அளவுகள் எல்லாம் இருந்த டிஸ்க் இன்று காலை செத்துவிட்டது. நகலோ எட்டு மாதத்துக்கு முன்பே நின்றுபோயிருக்கிறது. தினமும் நகலெடுக்கும் தன் புரோகிராமிலிருந்து அந்தக் கட்டளையை மட்டும் எடுத்து ஓட்டி, அது சொல்வதை ஒரு சொல் விடாமல் ஒரு கோப்பில் பிடிக்கிறாள். ‘இடமில்லை. நகல் எடுக்கவில்லை.’ இந்தப் பதிலைப் படிக்காமலே வீசியெறியும் வரி ஒன்று புரோகிராமுக்குள் இருக்கிறது. அந்த வரியை எழுதியவர் என்று பக்கத்தில், ஐந்து வருடமாக அவளோடு ஒரே மேஜையில் வேலை பார்க்கும் தம்பியின் பெயர், எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி. அவன் பின்னால் நிற்கிறான், இரண்டு கையிலும் டீ. அவளுடையதில் மறக்காமல் சர்க்கரை போடாமல் விட்டிருக்கிறான்.

“தினமும் ஒரே புலம்பல்க்கா. அதான் வாயை அடைச்சுட்டேன்.”

“புலம்பல் இல்லடா. நம்மளைக் கூப்பிட்டிருக்கு.”

டீயில் ஆடை படிகிறது.

“தினமும் காலையில ‘நகல் ஆச்சா’ன்னு உன்னைத்தானே கேட்டேன்?”

“பச்சையில ‘ஆச்சு’ன்னு வந்துச்சுல்லக்கா.”

அவள் புரோகிராமில் ஒரு வரி கீழே இறங்குகிறாள். கட்டளை என்ன சொன்னாலும் பச்சையில் ‘ஆச்சு’ என்று காட்டச் சொல்கிறது அந்த வரி. அதன் பக்கத்திலும் அதே பெயர், அதே தேதி.